மெஷின் பிடித்த படம்

நோட்டன் பிரிட்ஜ்
08.11.2024

அன்புள்ள மகள் வினோதாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. முதல் வரியிலேயே பொய் எழுதினால் மீதியை நீ எப்படி நம்புவாய்? உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுதான் கொதிக்கிறது.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வரிசையாக ஒட்டி ஒட்டி வீடு கட்டிய நம் லயத்துச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியாதா? நான் இங்கே தும்மினால் பக்கத்துக் காம்பராவில் இருந்து வீரம்மா நூறாயுசு சொல்கிறாள். உன் அப்பாவுக்குக் காது மந்தம். போனில் பேசியதை எல்லாம் மறுபடி அவருக்குக் கத்திச் சொல்ல வேண்டும். அதற்குள் செய்தி மேல் லயம் வரைக்கும் போய்விடும். இந்தச் செய்தி அப்படிப் போகக்கூடாது. திருடன் எங்கோ வெளியூரில் இல்லை, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான்.

தீபாவளி முடிந்து, ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் உன்னை ரயிலேற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன் அல்லவா. பஸ்ஸில் ஏறி டிக்கட்டுக்குக் கையை விட்டால் பையில் பர்ஸ் இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த சில்லறைதான் என்னை வீடு சேர்த்தது. பர்ஸில் பேங்க் கார்டு, அடையாள அட்டை, கிளினிக் துண்டு எல்லாம் இருந்தன. உன்னோடு போன துணிக்கடையில் வைத்துவிட்டேனோ, ஸ்டேஷனில் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது விழுந்ததோ என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்டேன். அவர் இல்லை என்று சொன்ன வேகத்தைப் பார்த்து அவர் மேலும் சந்தேகப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை கார்டை நிறுத்தச் சொல்லி பேங்க் நம்பருக்கு எடுத்தேன். ஒரு பிள்ளை பேசியது. முதலில் சிங்களம், பிறகு தமிழ். நான் நான்தானா என்று பார்க்க வேண்டுமாம். பிறந்த தேதி என்ன, அம்மா பெயர் என்ன, கடைசியாக எப்போது பணம் எடுத்தீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத ஒருத்தி என் வீட்டுக் கதை எல்லாம் கேட்கிறாளே! 'நீ யாரு புள்ள? மொதல்ல ஒங்க அம்மா பேரச் சொல்லு, பிறகு எங்க அம்மா பேரச் சொல்றேன்' என்று கேட்டேன். அது மறுபடியும் பிறந்த தேதியையே கேட்டது. கள்ளக் கூட்டம் என்று நினைத்து போனை வைத்துவிட்டேன்.

அது உண்மையான பேங்க்தானாம். புதன்கிழமை நேரில் போனபோது தெரிந்தது. அதற்குள் கணக்கில் ஒன்றும் மிச்சம் இல்லை. உன் கல்யாணத்துக்கென்று நான் தொடாமல் வைத்திருந்தது முழுவதும் போய்விட்டது. திங்கட்கிழமை ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். கடைசித் தடவை நான் அந்தப் பிள்ளையோடு சண்டை போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. இதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

பேங்கில் தனுஜா என்று ஒரு பிள்ளை உத்தியோகம் பார்க்கிறது. ஹட்டன் கடைவீதிக்காரர்களின் மகள், மரியாதையான பிள்ளை. நம்பரை எங்கேயாவது எழுதி கார்டோடு வைத்திருந்தீர்களா என்று கேட்டது. நான் என்ன அவ்வளவு மடைச்சியா? எழுதவே இல்லை. அப்படியானால் எடுத்தவருக்கு உங்கள் நம்பர் தெரிந்திருக்க வேண்டும், ஒரு தடவைகூடத் தப்பாக அடிக்கவில்லை என்றது. அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் அடித்தது.

தோட்ட ஆபீசில் வைத்து எங்களுக்குக் கார்டு கொடுத்த அன்றைக்கு, மறக்காத நம்பராக வையுங்கள் என்று பேங்க் ஐயா சொன்னார். எங்களுக்கு மறக்காத நம்பர் ஒன்றுதானே இருக்கிறது? இருபத்தெட்டு வருஷமாகக் காலையில் பெரட்டில் பெயர் கொடுக்க நின்றால் நானூற்றுப் பதினேழு. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கத்துவதும் 'நானூத்திப் பதினேழு அழகம்மா'. முன்னால் ஒரு சைபர் போட்டு நாங்கள் எல்லோருமே தோட்டம் போட்ட அந்தச் செக்ரோல் நம்பரைத்தான் வைத்தோம். ரகசிய நம்பராம்! மலையில் ரத்தம் குடிக்கிற அட்டைக்குக்கூடத் தெரியும். ஆக, பர்ஸை அடித்தவன் ஹட்டன் பிக்பாக்கெட் இல்லை. நம் தோட்டத்து ஆள்.

நம் தோட்டத்தில் மெஷினில் பணம் எடுக்கத் தெரிந்தது யாருக்கு? வீரம்மா மகன் பிரதாப்புக்கு. ஒவ்வொரு பத்தாம் தேதியும் பத்துப் பன்னிரண்டு பெண்களின் கார்டை ரப்பர் வளையம் போட்டு எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு வேனை விடுகிறவன் அவன்தானே. எல்லோருடைய நம்பரும் அவனுக்கு மனப்பாடம். நான் மட்டும்தான் இரண்டு வருஷமாக அவனிடம் கார்டைக் கொடுப்பதில்லை. வீரம்மா உன்னைப் பெண் கேட்டு, நான் தரமாட்டேன் என்று சொன்ன நாளில் இருந்து. அந்தக் கோபத்தை அவன் இப்படித் தீர்த்துக்கொண்டிருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவன் வேன் நின்றதை நான் பார்த்தேன். திங்கட்கிழமை முழுவதும் அவன் லயத்தில் இல்லை.

நாளைக்குப் பொலிசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீயும் உன் கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள். போர்டிங்கில் கூட இருக்கும் பிள்ளைகளை நம்பாதே, சிரித்துப் பேசுகிறவர்களை இன்னும் நம்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு. தீபாவளிக்கு வந்தபோது உன் முகம் வாடித்தான் இருந்தது.

அப்பாவும் நானும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறோம். முருகன் துணை.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
அழகம்மா

*

நோட்டன் பிரிட்ஜ்
19.11.2024

அன்பு மகள் வினோதாவுக்கு அம்மாவின் ஆசிகள்.

என் கடிதம் கிடைத்ததும் நீ போன் எடுத்தாய். சந்தோஷம். ஆனால் நீ பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. 'விட்டுடும்மா, போனது போகட்டும், பொலிசுக்கெல்லாம் போகவேணாம்' என்று அழுகிறாய். உன் மனசு உன் அப்பா மனசு. கொட்டுகிற தேளைக்கூட ஓரமாக எடுத்துவிடுகிற மனிதர் அவர். எல்லோரும் அப்படி இருந்தால் கள்ளனுக்குக் கொண்டாட்டம்தான். நீ அழுவதற்கு முதல் நாளே நான் பொலிசுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறாய். புடவைக் கடையில் வேலை அதிகமா? எனக்குப் பதில் சொல்லப் பயமா? பதில் போடு.

இங்கே நான் படும் பாட்டைக் கேள். புதுக் கார்டு வேண்டும் என்றால் அடையாள அட்டை காட்ட வேண்டுமாம். அடையாள அட்டை பர்ஸோடு போயிற்று என்றுதானே வந்து நிற்கிறேன்! புது அடையாள அட்டைக்குப் பொலிஸ் துண்டு, கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம். கிராம சேவகர் தேர்தல் வேலை என்று நான்கு நாள் கண்ணிலேயே படவில்லை. தோட்ட ஆபீசில் கிளார்க் ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள் எந்த அழகம்மா என்று கேட்கிறார். இந்தத் தோட்டத்தில் ஆறு அழகம்மா இருக்கிறோமாம். நானூற்றுப் பதினேழு என்றேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

தனுஜா பிள்ளை தன்னால் முடிந்ததைச் செய்தது. அட்டை இல்லாததால் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. பிறந்த தேதி கேட்டபோது தை மாசம் என்று எங்கள் அம்மா சொல்லுவார் என்றேன். புத்தகத்தில் மார்ச் நாலு என்று இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட விரல் மடங்காததால் அது பழைய கையெழுத்து மாதிரி வரவில்லை. எனக்கே நான் யார் என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியாக, உங்களுக்குப் பிறகு இந்தக் கணக்கு யாருக்கு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது. என் மகள் வினோதாவுக்கு என்று பட்டென்று சொன்னேன். அந்த ஒரு பதில்தான் சரி.

இப்போது முக்கியமான விஷயம். எந்த மெஷினில் எடுத்தார்கள் என்று மேல் அலுவலகத்தில் இருந்து தகவல் வந்துவிட்டது. மூன்று தடவையும் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில், ஒரே மெஷின். பிரதாப் அந்தத் திங்கட்கிழமை எங்கே போனான் தெரியுமா? கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஹயர். மறுநாள்தான் திரும்பினான். வத்தளை வழியாகத்தானே போக வேண்டும்? இதைப் பொலிசில் சொன்னதும் அன்றைக்கே ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வீரம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். 'எம்மவன் பன்னெண்டு பேரு கார்ட எடுத்துக்கிட்டுப் போறான், ஒரு ரூவா கொறஞ்சிருக்கா? நீ நல்லா இருப்பியா அழகம்மா?' என்றாள். நான் உள்ளே இருந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டேன். பயத்தில் இல்லை. குற்றம் உள்ளவர்கள்தான் அப்படிக் கத்துவார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பத்தாம் தேதி யாரும் அவனிடம் கார்டைக் கொடுக்கவில்லை. பழைய ஆட்கள் எல்லாம் பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய் மெஷின் முன்னால் நின்றார்களாம். சண்முகவடிவு அக்காவின் கார்டை மெஷின் விழுங்கிவிட்டதாம். வேன் முதலாளியும் வேனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவன் வாசல் இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நான் தண்ணீர் பிடிக்கப் போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

வத்தளை மெஷின் இருக்கும் இடம் ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில் என்று தனுஜா சொன்னது. உன் போர்டிங்கில் இருந்து நடக்கும் தூரம்தான் என்று நினைக்கிறேன். நீ ஒரு நாள் போய், அங்கே காவல் ஆள் யாராவது இருந்தால் விசாரித்துப் பார். வெள்ளை வேன், நுவரெலியாப் பக்கத்துப் பையன் என்று கேள். மெஷினில் கேமரா இருக்கிறதாம். அது பிடித்த படமும் வரும் என்று சொல்கிறார்கள். படம் வரட்டும், அவன் முகத்தை நானே காட்டிக் கொடுக்கிறேன்.

உன் அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பிரதாப் அப்படிப்பட்ட பையன் இல்லை என்கிறார். காதுதான் மந்தம் என்று நினைத்தேன், புத்தியும் மந்தம் போல. நீயாவது என் பக்கம் நில்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா

*

நோட்டன் பிரிட்ஜ்
03.12.2024

என் கண்ணு வினோதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

வியாழக்கிழமை பேங்கில் இருந்து வரச் சொன்னார்கள். பெரட்டில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். தனுஜாவுக்குப் பக்கத்தில் பொலிஸ் ஐயா ஒருவரும் உட்கார்ந்திருந்தார். மேசையில் படத்தை வைத்தார்கள். மூன்று படம். மூன்றிலும் ஒரே ஆள். பிரதாப் இல்லை. ஒரு பெண்.

தொப்பி போட்டிருந்தாள். வாயையும் மூக்கையும் மாஸ்க் மூடியிருந்தது. கண் மட்டும்தான் தெரிந்தது. நன்றாக அழுது வீங்கிய கண். கள்ளி என்றால் அக்கம்பக்கம் பார்ப்பாள், அவசரப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் மெஷினைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவது படத்தில் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் இருந்தது. சாப்பிட்டிருக்கவே மாட்டாள்.

நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் போல. தனுஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. 'தெரிஞ்சவங்களா, அம்மா?' என்று கேட்டது. தெரியாது என்றேன். தெரியாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை கையெழுத்து சரியாக வந்தது.

அதோடு முடியும் என்று நினைத்தேன். பொலிஸ் ஐயா விடவில்லை. பிரதாப்புக்குக் கொழும்பில் பழக்கமான பெண் ஒருத்தி இருக்க வேண்டும், அவளிடம் கார்டைக் கொடுத்து எடுத்திருக்கிறான் என்றார். அவனை மறுபடி கொண்டுவந்து நன்றாக விசாரிக்கப் போகிறாராம். உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் யார் யார் அந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள், பெயர் எல்லாம் எழுதித் தாருங்கள் என்று என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடி என் பைக்குள்தான் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினேன். 'கார்ட நான்தாங்க சொந்தக்காரப் புள்ள ஒன்னுகிட்டக் குடுத்து, சல்லி எடுத்துக்கச் சொன்னேன். மறந்துட்டேன்' என்றேன். எந்தப் பிள்ளை என்று கேட்டார்கள். எடுக்கச் சொன்னது நான், பணம் என்னுடையது, எனக்கு இப்போது யார் மேலும் முறைப்பாடு இல்லை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். பெரிய ஐயா சிங்களத்தில் ஏசிய ஏச்சு எல்லாம் எனக்கு விளங்கியது. பைத்தியக்காரி என்றார், ஒரு பையனின் பிழைப்பைக் கெடுத்தாயே என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த கையோடு வீரம்மா வாசலுக்குப் போனேன். லயத்துச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தப்பு என் மேலேதான் வீரம்மா, நானே கொடுத்துவிட்டு மறந்துபோய் உன் மகன் மேல் பழி போட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் சொல் என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிரதாப்தான் வந்து, 'சரி அத்தே, போங்க, மழ வருது' என்றான். அந்தப் பையனுக்கு நான் பெண் தரமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா. அதையும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இப்போது தோட்டத்தில் எனக்கு மறதிக்காரி என்று பெயர். கொழுந்து நிறுக்கும்போது, நம்பர் ஞாபகம் இருக்கிறதா அக்கா என்று குட்டிகள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். வேன் முதலாளியிடம் உன் அப்பா நேரில் போய்ப் பேசினார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாராம். படம் எப்படி இருந்தது என்று உன் அப்பா என்னிடம் கேட்கவே இல்லை. நான் வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

புதுக் கார்டு வந்துவிட்டது. இந்தத் தடவை யாருக்கும் தெரியாத நம்பராக வையுங்கள், பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாதீர்கள் என்று தனுஜா சொல்லிக் கொடுத்தது. வருகிற பத்தாம் தேதி எல்லோருக்கும் முன்னால் அந்தக் கார்டை பிரதாப் கையில் கொடுத்து, நம்பரையும் அவன் காதில் சொல்லப் போகிறேன். அவன் வாங்கிக்கொள்ள வேண்டும். உனக்கு நம்பரை எழுதவில்லை. கேட்டால் சொல்வேன். நீ கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வினோதா, நீ அந்த ஊரில் இருக்கிறாய். அந்தப் பெண் எங்கேயாவது உன் கண்ணில் பட்டால், அவளிடம் நான் சொன்னதாகச் சில வார்த்தை சொல். அழகம்மா பொல்லாதவள்தான், எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவள்தான், வாயைத் திறந்தால் மூடமாட்டாள்தான். அவளிடம் வந்து கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் கண்டபடி ஏசியிருப்பாள். ஏசி முடித்துவிட்டுக் கொடுத்திருப்பாள். கேட்கப் பயப்படும் அளவுக்கு நான் எப்போது ஆனேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்துத்தான் இந்த ஐந்து நாளும் அழுகிறேன், பணத்தை நினைத்து இல்லை. பணம் யாருக்கென்று சேர்த்தேனோ அங்கேதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. யாருக்காவது பயந்து கொடுத்தாளா, ஆஸ்பத்திரிச் செலவா, எவனாவது ஏமாற்றிவிட்டானா? என் புத்தி எங்கெங்கோ போகிறது, அது போகிற புத்திதானே. வயிற்றில் ஒன்று இருந்தாலும் சரி. எதுவாக இருந்தாலும் அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம் என்று சொல். மெஷினுக்கு முன்னால் அப்படி அழுதுகொண்டு நிற்க வேண்டாம். வீடு இருக்கிறது, காது கேட்காத ஒரு அப்பா இருக்கிறார், எது கேட்டாலும் அவர் வெளியே சொல்லமாட்டார். சுவர் மெல்லியது என்றால் இருக்கட்டும். சனம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். என்ன எழுதுவது என்று தெரியாமல் எத்தனை தாளைக் கிழிப்பாய். லீவு கேட்டு ரயிலேறு. வந்த பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன், இது சத்தியம். பேங்க்காரர்களிடம் நான் பட்ட கேள்வி போதும்.

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். நீயும் நன்றாக இரு. இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுக்க என்னிடம் இரண்டு ஆசீர்வாதம் இல்லை மகளே, ஒன்றுதான் இருக்கிறது.

உன்னைப் பெற்ற,
அழகம்மா